சி.பி. (செரிப்ரல் பால்சி, பெருமூளை வாதம்) உள்ள 6 வயது மகளுக்குத் தானாகச் சாப்பிட, சட்டை போட எப்படிப் பழக்குவது?

வலது பக்கம் இறுக்கம், தெரபியில் பந்து பிடிக்கிறாள், வீட்டில் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனுக்கு இடது பக்கம். 9 வயது. ஊர் குடியாத்தம் பக்கம்.

இரண்டு வருஷம் அவனும் தெரபியில் டம்ளர் அடுக்கினான், மணி கோத்தான். பட்டன் போட வரவில்லை. பிறகு வேலூரில் ஒரு ஓ.டி. அக்கா (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சொன்னார்: "எது வரணுமோ அதையே செய்ய வைங்கம்மா, அது நடக்கற நேரத்துலயே."

களியில் ஆரம்பித்தோம். கேழ்வரகுக் களியை ஒரு கையால் கிள்ளிப் பாருங்கள், தட்டும் கூடவே வரும். இன்னொரு கை பிடித்தே ஆகவேண்டும். முதலில் தட்டுக்கடியில் ஈரத்துண்டு போட்டேன். இடது கையை மூடிய விரலோடு விளிம்பில் சாய்த்து வைப்பான். நாலைந்து வாரத்தில் கட்டைவிரல் விளிம்புக்கு மேலே வந்தது. துண்டை எடுத்துவிட்டேன். ஒன்று முக்கியம்: பாதம் தரையில் பதிகிற உயரத்தில் உட்கார வையுங்கள். உடம்பு ஆடினால் கை நிற்காது.

சட்டை போடும்போது இறுக்கமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பட்டனைப் பாதி நுழைத்துக் கொடுத்து, இழுக்க மட்டும் விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தின படியையும், அதாவது நுழைப்பதையும், அவளே செய்யட்டும். காலையில் வேன் வரும் அவசரத்தில் வேண்டாம், சாயந்திரம் உடை மாற்றும்போது பழக்குங்கள்.

இறுக்கமான கை வேலை செய்யட்டும் என்று நல்ல கையைக் கட்டிப்போடச் சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு சிகிச்சை உண்டுதான், ஆனால் தெரபிஸ்ட் நேரம் கணக்குப் பார்த்துச் செய்வது. நீங்களாகச் செய்யாதீர்கள்.

அன்றாட வேலையில் பிள்ளை கையை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்த்து 'மேக்ஸ்' (MACS) என 5 நிலையாகப் பிரிப்பார்கள், 4 முதல் 18 வயது வரைக்கும். உங்கள் மகள் எந்த நிலை என்று கேளுங்கள். அதை வைத்துத்தான் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். கைப் பயன்பாடு மிகக் குறைவாக உள்ள கடைசி நிலைப் பிள்ளைக்கு, சட்டைக் கைக்குள் தானாகக் கையை நீட்டுவதே பெரிய பங்கு.

எங்கள் வீட்டில் ஆயாவுக்குத்தான் (அவன் பாட்டி) மனசு தாங்கவில்லை. "கொழந்தைய ஏன் பாடு படுத்தற" என்று ஊட்டிவிடுவார். எதிரே உட்கார்ந்து கூடச் சாப்பிடச் சொன்னேன்.

உங்கள் மகள் இடது கையால்தான் சாப்பிடுவாள். கல்யாண வீட்டில் யாராவது "பீச்சாங்கையா?" என்று கேட்டால் அவள் கையை மாற்றாதீர்கள். வலது கை இலை ஓரத்தைப் பிடித்திருக்கட்டும்.