தோசை மா முதல் டெங்கு நுளம்பு வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளில் ஏழை இங்கே எடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: "இந்தக் கிருமி நல்லதா, கெட்டதா?" ஆய்வுகூடத்தில் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. அது எங்கே இருக்கிறது, அங்கே அதற்குச் சாப்பாடு என்ன, சூடு எவ்வளவு. பதில்களையும் அந்த வழியிலேயே எழுதியிருக்கிறேன்.

"எங்கள் பக்கத்தில் நுளம்பை வளர்த்து விட்டார்களே. இருக்கிற டெங்கு போதாதென்று மரபணு மாற்றிய நுளம்பு வேறா? என் மாமி இன்னும் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை." (நுகேகொடை வாசகி)

மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த வருடத்தைப் பார்த்த ஒருவருக்கு நுளம்பை வேண்டுமென்றே பறக்க விடுகிறார்கள் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

2020இல் நுகேகொடையிலும் கொழும்பின் சில பகுதிகளிலும் விடப்பட்டவை வொல்பாக்கியா என்ற பற்றீரியாவைச் சுமந்த நுளம்புகள். அவற்றின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. வொல்பாக்கியா பூச்சிகளின் கலங்களுக்குள் வாழ்வது. உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் இயற்கையாகவே இருக்கிறது. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈ இருக்கிறதே, அந்த இனத்திலிருந்துதான் இதை எடுத்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மயிரை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதை நுளம்பு முட்டைக்குள் செலுத்தினார்கள். சரிவரப் பல வருடங்கள் பிடித்தன. ஆகவே மாமியின் சமையலறையில் வொல்பாக்கியா எத்தனையோ காலமாக இருந்திருக்கிறது என்று அவருக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

இது செய்யும் வேலை இரண்டு. நுளம்பின் உடலுக்குள் டெங்கு வைரஸ் பெருக விடாது. அடுத்தது, தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும். வொல்பாக்கியா உள்ள ஆண் நுளம்பு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. இப்படியே சில தலைமுறைகளில் அந்த வட்டாரத்து நுளம்புகளில் பெரும்பாலானவை வொல்பாக்கியாவைச் சுமக்கத் தொடங்கிவிடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் செய்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது: டெங்கு 77 வீதம் குறைந்திருந்தது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய டெங்கு 86 வீதம்.

ஆனால் இதை நம்பிச் சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டுவிடாதீர்கள். வொல்பாக்கியா ஏற்றப்பட்டது ஈடிஸ் எஜிப்தி என்ற வீட்டு நுளம்பில். தோட்டத்திலும் மரப்பொந்திலும் திரியும் ஈடிஸ் அல்போபிக்டஸுக்கும் டெங்கைப் பரப்பத் தெரியும். அதோடு, நுளம்புக்குடம்பி வளரும் தண்ணீர் வெயிலில் நன்றாகச் சூடேறினால் வொல்பாக்கியாவின் அளவும் குறைந்துவிடும். என் அனுபவத்தில் அதிகம் தப்பிவிடும் இடம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு. டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் குடம்பிகள் நெளிந்து நெளிந்து கீழே ஓடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே, விளிம்பில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

"காய்ச்சல் வந்தால் முந்தி மிஞ்சிய அமொக்சிசிலினை இரண்டு நாள் போடுவேன். சுகமாகிவிடும். இதில் என்ன பிழை?" (கொட்டாஞ்சேனை வாசகர்)

ஐயா, பிழை பெரியது. கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

சாதாரணக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அமொக்சிசிலின் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்ட விடாமல் செய்யும் மருந்து; வைரஸுக்குக் கலச்சுவரே கிடையாது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தானாக விடுகிறது, நீங்கள் மாத்திரைக்கு நன்றி சொல்கிறீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு இப்படி நினைப்பது ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் மிக மோசமான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் அமுக்கம் இறங்குவதும் அப்போதுதான் தொடங்கும். மூன்றாம் நாளுக்குள் டொக்டரிடம் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். அதுவரை பரசிற்றமோலும் நிறைய நீராகாரமும் போதும். அஸ்பிரின், இபுபுரூபன் எடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த மிஞ்சிய மாத்திரை. எங்கள் குடலில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் சும்மா இருக்கின்றன. இரண்டு நாள் மருந்து அவற்றில் அடங்கிப் போகிறவற்றைக் கொல்லும், அடங்காதவற்றுக்கு இடம் காலியாகும். அந்த அடங்காத குணத்தை ஒரு பற்றீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும், வேறு இனமாக இருந்தாலும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய போதே, குறைந்த அளவில் மருந்து எடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

ஒருமுறை என் மேசைக்கு ஒரு சின்னப் பிள்ளையின் சிறுநீர் மாதிரி வந்தது. அதிலிருந்து வளர்த்த பற்றீரியாவை, அதற்குச் சாப்பாடான கூழ் ஊற்றிய வைக்கோல் நிறத் தட்டில் பூசி, மருந்து ஊறிய கடதாசி வட்டுகள் ஆறை அதன் மேல் வைத்தோம். மருந்து வேலை செய்தால் மறுநாள் வட்டைச் சுற்றி கண்ணாடி போலத் தெளிவான வளையம் தெரியும். காலையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து வட்டுகளின் விளிம்பு வரை பற்றீரியா பாசி போல மூடிக் கிடந்தது. ஒரே ஒரு வட்டைச் சுற்றித்தான் வளையம். அது ஊசியாக மட்டும் ஏற்றுகிற மருந்து. அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் அவ்வளவு மருந்து குடித்திருக்காது. அந்தக் கிருமி எங்கேயோ, யாரோ பெரியவர்களிடம் பழகி வந்தது. அந்தத் தட்டை இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து மிஞ்சிய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். டொக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் எடுங்கள்.

"தெஹிவளை வீட்டில் நன்றாகப் பொங்கிய தோசை மா, வெள்ளவத்தை தொடர்மாடிக்கு வந்த பிறகு பொங்குவதில்லை. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினா காரணம்?" (வெள்ளவத்தை வாசகி)

குளோரின் மீது பழி வேண்டாம். தெஹிவளையிலும் அதே குழாய்த் தண்ணீரில்தான் அரைத்திருப்பீர்கள். ஏசி போடுகிறீர்களா?

மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமானது லூக்கோனொஸ்டொக் என்ற பற்றீரியா. பெரும்பாலும் உழுந்தோடே அது வீட்டுக்கு வருகிறது. மாவில் உள்ள சீனியைத் தின்று அமிலத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் விடும். உழுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு வேண்டிய சூடு 28 முதல் 32 பாகை, அதாவது ஏசி இல்லாத கொழும்புக் குசினியின் சூடு. ஏசி அறையில் 23 பாகையில் வைத்தால் அது சோம்பிவிடும். மாச் சட்டியைக் குசினியில், அல்லது உள்விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் மூடி வையுங்கள். உழுந்து பழசாக இருந்தாலும் பொங்காது. நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டு, ஊறிய தண்ணீரையெல்லாம் ஊற்றிவிடுவதும் நல்லதில்லை. அதில் கொஞ்சத்தை அரைக்கும்போது சேருங்கள். ஒரு கரண்டி வெந்தயம் நிச்சயம் உதவும். அப்பச்சோடாவைப் போட்டு ஊதவைக்கலாம்தான், ஆனால் புளிப்பின் வாசம் வராது. எனக்கு அது தோசையே இல்லை.

மாவின் மேல் கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்திருந்தால் வழித்து எடுத்துவிட்டுச் சுடாதீர்கள். முழுதாகக் கொட்டுங்கள்.

"பிளாஸ்டிக்கைத் தின்னும் பற்றீரியா இருக்கிறதாமே. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து கொட்டிய மணிகள் இன்னும் கடற்கரையில் கிடக்கின்றன. அதை அங்கே விட்டால் என்ன?" (வத்தளை மாணவன்)

2021 மே மாதம் எரிந்த அந்தக் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. சரக்குவ கடற்கரையில் மணலை ஒரு பிடி அள்ளினால் பருப்பு அளவில் வெள்ளை வெள்ளையாக விரலிடுக்கில் நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். உன் ஆதங்கம் எனக்கும் உண்டு, தம்பி.

நீ சொல்லும் பற்றீரியாவை ஜப்பானில் போத்தல் மீள்சுழற்சி நடக்கும் ஓர் இடத்து மண்ணில் கண்டுபிடித்தார்கள், 2016இல் அறிவித்தார்கள். பெயர் ஐடியோனெல்லா சகாயென்சிஸ். அது தின்பது தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெற் பிளாஸ்டிக்கை. பெற்றின் சங்கிலியில் நொதியம் வெட்டக்கூடிய எஸ்தர் பிணைப்புகள் இருக்கின்றன. கப்பலில் வந்த மணிகளில் பெரும்பகுதி பொலித்தீன் இனம். அதன் சங்கிலி காபனோடு காபன் பிணைந்து நீள்வது. அந்த நொதியத்துக்கு அதில் வெட்ட இடமே இல்லை. பெற்றிலும் கூட, மெல்லிய படலம் ஒன்றைத் தின்று முடிக்க 30 பாகையில் சுமார் ஆறு வாரம் பிடித்தது. உப்பும் அலையுமாக இருக்கும் கடலில் அதற்கு வீடும் இல்லை, சாப்பாடும் இல்லை.

அப்புறம், ஓர் உயிரைப் புது இடத்தில் விடுவது இந்த நாட்டுக்குத் தெரியாத கதையல்ல. 1939இல் பாடம் நடத்தக் கொழும்புக்குக் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி தப்பிப்போய்க் குளங்களையும் வயல்களையும் மூடியது. 1986இல் அதை மட்டுமே தின்னும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் களை அடங்கியது. வண்டு வேறு பயிரைத் தொடுமா என்று முன்கூட்டியே சோதித்திருந்ததால்தான் அதைத் துணிந்து விட முடிந்தது. கடற்கரைக்கு இப்போதைக்கு அரிதட்டும் ஆட்களும்தான் வேண்டும்.

"மலக்குழிக்கு மாதம் ஒரு முறை ஈஸ்ட் போடச் சொல்கிறார்களே?" (இரத்மலானை வாசகர்)

தேவையில்லை. வேண்டிய பற்றீரியா ஒவ்வொரு நாளும் தானாகவே அங்கே போகிறது. கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சையும் போத்தல் கணக்கில் ஊற்றாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. சில வருடங்களுக்கு ஒரு முறை கலி பவுசரைக் கூப்பிட்டு அடியில் தங்கியதை எடுங்கள். அதை எந்தப் பற்றீரியாவும் முழுதாகத் தின்னாது.

"களனி ஆறு பெருகி வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. குளோரின் போட்டேன், ஆனாலும் மணக்கிறது. குடிக்கலாமா?" (கொலன்னாவை வாசகர்)

இப்போதைக்குக் குடிக்க வேண்டாம். சேறும் அழுகிய இலையும் உள்ள கிணற்றில் போடும் குளோரினைச் சேறே குடித்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் இறைத்து, அடிச்சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிவரும் புதுத் தண்ணீருக்குக் குளோரின் போட வேண்டும். எவ்வளவு என்பது கிணற்றின் அளவைப் பொறுத்தது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். இது அவருடைய வேலைதான். தண்ணீரைச் சோதித்து முடிவு வரும் வரை, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு ஆற வைத்த தண்ணீரே குடியுங்கள்.

சேறு வாரப் போகிறவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற சுருள் பற்றீரியா இருக்கும். காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். 2008இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். வேலைக்கு முன்பே சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையில், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "வெள்ளத்தில் நின்றேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

"உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் மூன்று வருடமும் வீண் என்கிறார் அப்பா." (மட்டக்குளி மாணவி)

வீண் இல்லை, தங்கச்சி. களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. குடிநீர்ச் சோதனை, உணவுத் தொழிற்சாலை, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்று இந்தப் படிப்பைத் தேடும் இடங்கள் பல. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததே, அதற்குப் பின்னால் இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் நாள் முழுக்கப் பார்த்தவர்களின் கண்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் டொக்டர்கள் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்கிடையில் ஒரு வேலை தருகிறேன். அம்மா தோசைக்கு அரைத்ததும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு மா ஊற்றி, ஒன்றைக் குசினியிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை ஜன்னலோரத்திலும் வையுங்கள். மூன்றிலும் மாவின் மட்டத்தைப் பேனாவால் குறித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எது எவ்வளவு எழும்பியது என்று எனக்கு அனுப்புங்கள். அடுத்த தொகுப்பில் அதைப் போடுகிறேன்.