செட்டிநாட்டு வீட்டில் வரவேற்பு: தரையும் தூணும் கெடாமலிருக்க

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் 150 பேருக்கு வரவேற்பு, முற்றத்தில் மேடை, தூணெல்லாம் சீரியல் லைட் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தரையைக் கவனியுங்கள். அதில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊர் டைல்ஸ்) சூளையில் சுட்டதல்ல, சிமென்டில் வார்த்தது. ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தி ஊறினால் மேற்பரப்பை அரித்துவிடும், பழைய பளபளப்பு திரும்ப வராது. அதனால் பந்தி வெளியே ஷாமியானாவில்தான். சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைக்கட்டும். ஆசிட் கூடவே கூடாது. மேடைக் கால்களுக்கு அடியில் கம்பளம், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட்.

முற்றத்து வடிகால் வாயை மேடை மூடிவிடாமல் பாருங்கள். மழை பெய்தால் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறும்.

தேக்குத் தூணில் ஆணியும் டேப்பும் வேண்டாம், உரிக்கும்போது பாலிஷும் வந்துவிடும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். மின்சாரம் முழுவதும் வெளியே நிற்கும் ஜெனரேட்டரிலிருந்தே எடுங்கள், பழைய வயரிங் தாங்காது.