பழைய மரப் பந்தயப் படகு வாங்கலாமா? கேள்வி பதில்

பினாங்கில் டிராகன் வகை மரப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘புதுப் பெயிண்ட், மூன்று வருடமாகக் கரையில் பத்திரமாக உள்ளது’ என்பது விளம்பரம். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, டிராகன் என்றால் என்ன மாதிரி படகு? (ஜெலுத்தோங்)

நார்வேக்காரர் யோஹான் ஆங்கர் 1929ல் வரைந்த பந்தயப் படகு. நீளம் 8.90 மீட்டர், எடை 1,700 கிலோ. மூன்று பேர் ஓட்டுவார்கள். 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. கிரீஸ் இளவரசர் கான்ஸ்டன்டைன் 1960ல் தங்கம் வென்றது இதில்தான். 1973ல் ஃபைபர்கிளாஸை அனுமதித்த பிறகு மரத்தில் கட்டுவது குறைந்துபோனது. படத்தைப் பார்த்தாலே காசை எடுக்கத் தோன்றும், அதுதான் ஆபத்து.

மூன்று வருடம் கரையில் இருந்தது நல்லதுதானே? (பட்டர்வொர்த்)

எனக்கு அந்த விளம்பரத்தில் உறுத்துவதே அந்த வரிதான். பழைய முறையில் பலகையோடு பலகை சேர்த்துக் கட்டிய படகுக்கு ஈரம் வேண்டும். நம் வெயிலில் பலகை சுருங்கும், இடுக்குகள் திறக்கும். தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும். பலகை ஊறி உப்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும், அதில் பயமில்லை. ஆனால் விற்கிறவர் அழகுக்காக அந்த இடுக்குகளில் கெட்டியான எபாக்சி புட்டியை அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால்? பலகை உப்பும்போது விரிய இடம் கிடையாது. உள்ளே இருக்கும் விலாச் சட்டங்கள்தான் உடையும். அதனால் புதுப் பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இடுக்கில் நகத்தை வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்லது, கல் மாதிரி இருந்தால் ‘என்ன அடைத்தீர்கள்’ என்று கேளுங்கள்.

அப்படியென்றால் தண்ணீரிலேயே விட்டுவிடலாமா?

விடலாம், செலவு செய்யத் தயாராக இருந்தால். நம் கடலில் கப்பல் புழு அதிகம். பெயர்தான் புழு, அது சிப்பி இனம். நுழையும் ஓட்டை குண்டூசித் தலை அளவு, உள்ளே மரம் முழுக்கச் சுரங்கம். செம்பு கலந்த அடிப்பெயிண்ட்டைக் காலம் தவறாமல் அடிக்க வேண்டும். கரையில் வைப்பதானால் நிழலும் ஈரச் சாக்கும் வேண்டும். எது வசதி என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது எங்கே முதலில் பார்ப்பது? (புக்கிட் மெர்தாஜாம்)

உள்ளே இறங்கி அடியைப் பாருங்கள். படகு கவிழாமலிருக்க அடிக்கட்டையில் தொங்கும் கனமான இரும்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான் உயிர். துரு வழிந்திருந்தால் ஒன்றிரண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அப்புறம் மேல்தளத்தின் ஓரம், பாய்மரம் நிற்கும் இடம், பின்பலகையின் மூலைகள். உப்புத் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் மரத்தை மக்கவைக்கும், பினாங்கு மழையைச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று பேசும், மக்கினது ‘தொப்’ என்று கேட்கும்.

மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்திவிட்டால் பிரச்சினை தீருமே?

தீராது. பலகை அசையும், போர்வை அசையாது. நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் மக்கும். ஏற்கெனவே போர்த்திய படகு என்றால் நான் விலையே பேச மாட்டேன்.

லங்காவி வரை ஓட்டிப் போகலாமா, ஐயா?

வேண்டாம். சுமார் 60 கடல் மைல், திறந்த தளம், எஞ்சின் கிடையாது. பழைய டிராகன் பலவற்றில் மிதவை அறைகளும் இல்லை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்று பாய்ந்து வந்து படகில் தண்ணீர் நிரம்பினால் மூழ்கும். லாரியில் ஏற்றி ஃபெர்ரியில் கொண்டு போங்கள்.

சரி, விலை எப்படிப் பேசுவது?

படகுச் சோதனையாளர் ஒருவரை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள், விற்கிறவர் சொல்லும் ஆள் வேண்டாம். பாய்கள் எத்தனை வயது, பாய்மரம் மரமா அலுமினியமா, பாயில் போடும் பதிவு எண்ணும் பந்தய அளவைச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் பந்தயத்துக்குத் திரும்ப அளக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். முக்கியமாக, ஒரு வாரம் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.