பதுங்கியவன் பிந்தினால் என்ன பயன்?

கேள்வி: போயா விடுமுறைகளில் நண்பர்கள் ஐவர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடி வருகிறோம். கதைக்களம் எங்கள் வாவிக்கரைதான். சென்ற முறை என் கள்ளன் பாத்திரம் கண்டல் மரங்களுக்குள் பதுங்கியிருந்து, தோணியில் வந்த கொள்ளையர் தலைவன்மீது அம்பெய்ய முற்பட்டது. சண்டையில் யாருடைய முறை முதலில் வரும் என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையை உருட்டியபோது எனக்கு 4, அவனுக்கு 18. "முதல் முறை அவனுக்கே" என்றார் ஆட்டத்தை நடத்தியவர். என்னைக் காணாதவன் என்னை எப்படி முந்துவான்? பதுங்கியதால் எனக்கு என்ன பயன்?
(வாசகர் ஒருவர், கல்லடி)

பதில்: உங்கள் மனக்குறை விளங்குகிறது, எனினும் நடத்தியவர் விதியைப் பிழையாகச் சொல்லவில்லை. 18 என்ற எண், அவனுடைய முறை எப்போது வரும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. நீங்கள் பதுங்குவதற்காக உருட்டிய எண், 10உடன் அவனது கவனிப்புத் திறனைக் கூட்டி வரும் எண்ணை மிஞ்சியிருந்தால், அவன் திடுக்கிட்டவனாகிறான். அவ்வாறானவன் தனது முதல் முறையில் நகரவோ செயற்படவோ முடியாது, அம்முறை முடியும்வரை எதிர்வினையும் காட்ட முடியாது. ஆகவே 18இல் அவன் தோணியில் வெறுமனே நின்றான், 4இல் நீங்கள் எய்தீர்கள், அதன் பிறகே அவனால் வாளை உருவ முடிந்தது. பகடை மாறி விழுந்து உங்களுக்கு 18உம் அவனுக்கு 4உம் வந்திருந்தால், அவன் கைகால் அசைக்குமுன் நீங்கள் இரண்டு தடவை எய்திருப்பீர்கள். அதாவது பதுங்கியவருக்கு ஒரு முறை நிச்சயம். இரண்டாவது முறை பகடையின் கையில்.

ஆயினும் உங்கள் கள்ளன் கொலையாளி வகையைச் சேர்ந்தவனாயின், இழப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். திடுக்கிட்டு நிற்பவன்மீது படும் அடியில் சேதப் பகடைகளை இரட்டிப்பாக உருட்டும் சலுகை அவனுக்கு இருக்கிறது. எதிரியின் முதல் முறை கழிந்தவுடன் திடுக்கிடல் நீங்கிவிடுவதால், 4 உருட்டியவனுக்கு அச்சலுகை கைநழுவிப் போகிறது. காத்திருந்து கொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவனை ஒற்றைப் பகடை இப்படிக் கைவிடுவது, என் பார்வையில் அவ்விதியின் மிகப் பலவீனமான இடம். இன்னொன்றையும் சரிபாருங்கள்: உங்கள் ஐவரில் ஒருவரையேனும் அவன் முன்கூட்டியே கண்டிருந்தால், மற்ற நால்வர் எவ்வளவு திறமையாக ஒளிந்திருந்தாலும் அவன் திடுக்கிட்டவனல்லன். இரும்புக் கவசம் குலுங்க நடக்கும் நண்பரைக் கண்டலுக்குள் கூட்டிச் செல்லுமுன் யோசியுங்கள்.

2024இல் திருத்தப்பட்ட விதிகளில் முதல் முறை பறிபோவதில்லை. திடுக்கிட்டவர் இனிஷியேட்டிவுக்கு இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஒளிந்திருப்பவர் இரண்டு உருட்டிக் கூடியதை எடுக்கலாம். இருபது முகப் பகடையின் சராசரியான 10.5, முன்னவருக்கு ஏறத்தாழ 7.2ஆகவும் பின்னவருக்கு 13.8ஆகவும் மாறுகிறது. பெரும்பாலும் பதுங்கியவரே முந்துவார். ஆனால் தலைவனுக்கு 16உம் 14உம் விழுந்து உங்களுக்கு 9 மட்டும் கிடைத்தால், அவன் முழுப் பலத்துடன் முதலில் பாய்வான். பழைய விதியில் அந்த ஆபத்து இருக்கவில்லை என்பதால், பதுங்கித் தாக்குவதை விரும்பும் உங்கள் குழுவுக்கு 2014ஐ விட்டு மாறும்படி நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: "நான் எய்துவிட்டேன், இனி இனிஷியேட்டிவ் உருட்டுவோம்" என்று எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் முந்திக்கொள்கிறார். இது சரியா?
(வாசகி ஒருவர், அக்கரைப்பற்று)

பதில்: சரியன்று. எய்யப் போகிறேன் என்று அவர் சொன்ன கணத்திலேயே பகடை உருள வேண்டும். அந்த அம்பு அவருடைய முறை வரும்போதே வில்லை விட்டுப் புறப்படும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், எதிரியை அறிந்திருந்தவர்கள் மட்டும் செயற்படும் தனியானதொரு திடுக்கிடல் சுற்று இருந்தது. அவர் அந்தப் பழக்கத்தில் பேசக்கூடும். ஐந்தாம் பதிப்பில் அத்தகைய சுற்று இல்லை. முதல் அம்பை இலவசமாகக் கொடுத்தபின் திடுக்கிடலையும் கணக்கிட்டால் ஒரே பதுங்கலுக்கு இரட்டைக் கூலி கொடுத்ததாகிவிடும். அடுத்த போயாவில் கொள்ளையர் பதுங்கும்போது நடத்துபவரும் அதே கூலியைக் கேட்பார்.