குஸ்ரூ பாக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்கழியில் அப்பா அம்மாவைக் காசி, கயா, பிரயாகை என்று அழைத்துப் போகிறேன். திரிவேணியில் காரியம் முடிந்ததும் ரயிலுக்கு அரைநாள் இருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்திலேயே குஸ்ரூ பாக் என்று முகலாயர் கல்லறைகள் இருக்கின்றனவாம். தாஜ்மஹால் பார்த்த கண்ணுக்கு இது தேறுமா?

கே.எஸ்., கும்பகோணம்

அன்புள்ள கே.எஸ்.,

தாராளமாகப் போங்கள். தாஜ்மஹாலுக்கும் இதற்கும் ஒரு உறவும் உண்டு, அவ்வளவு நல்ல உறவு இல்லை. குஸ்ரூ ஜஹாங்கீரின் மூத்த மகன். 1606-ல் அப்பாவை எதிர்த்துக் கிளம்பித் தோற்றார், கண் பார்வையைக் கெடுத்துச் சிறையில் போட்டார்கள். 1622-ல் புர்ஹான்பூரில் அவர் இறந்தபோது காவலில் வைத்திருந்தது தம்பி குர்ரம். வயிற்றுவலி என்று அப்பாவுக்குச் சேதி போனது, நம்பியவர்கள் குறைவு. அந்தக் குர்ரம்தான் பிற்பாடு ஷாஜஹான்.

தோட்டத்துக்குள் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். முதலில் குஸ்ரூவின் அம்மா ஷா பேகம், ஆம்பேர் ராஜபுத்திர இளவரசி. கணவனுக்கும் மகனுக்கும் நடுவே கிடந்து அல்லாடி, கடைசியில் அபினைத் தின்று உயிரை விட்டவர். அவருடைய கல்லறைக்குக் குவிமாடமே கிடையாது, அடுக்கடுக்காக ஏறி உச்சியில் தூண் வைத்த ஒரு சத்ரி, அதாவது குடை மாதிரி ஒரு சின்ன மண்டபம், அவ்வளவுதான். குஸ்ரூவினுடையது மறுகோடியில். சுமார்தான் என்பேன்.

நேரம் குறைவென்றால் நடுவில் இருப்பதற்கு நேராகப் போய்விடுங்கள். குஸ்ரூவின் சகோதரி நிதார் பேகம் தனக்கென்று கட்டிக்கொண்டது, ஆனால் அவரை அங்கே அடக்கம் செய்யவில்லை, உள்ளே காலி. மூன்றிலும் அழகு அதுதான். சுவரெல்லாம் பூச்செடிகளும் சைப்ரஸ் மரங்களும் தீட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் கூரையில் வட்ட வட்டமாக நட்சத்திரங்கள், வண்ணம் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் கழுத்து வலிக்கிற வரை பார்க்கலாம். பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள். அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் அவர் மரத்தடியில் உட்காரட்டும், மேடைப் படிகள் கொஞ்சம் படுத்தும்.

அப்புறம், ஸ்டேஷனில் சிவில் லைன்ஸ் பக்கம் வெளியே வந்துவிடாதீர்கள், ஊர்ப்பக்கம் வாருங்கள். குளிர்காலம் என்பதால் கொய்யாவும் கிடைக்கும், அலகாபாத் கொய்யா, உள்ளே சிவந்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் பனி மூட்டமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் போனால் போதும். ரயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்தப் பனியில் அதுவும் நேரத்துக்கு வரப்போவதில்லை.