கண்மாய்க்கு மேலே மனைப்பிரிவு: பட்டாவுக்குள் ஓடும் வரத்துக்காலை எப்படிக் காப்பது?

திருமங்கலம் வட்டத்தில் மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம் செய்யும் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "எங்கள் கண்மாய்க்கு மேற்கே உள்ள மானாவாரிப் புஞ்சையில் 12 ஏக்கரை வாங்கி மனைப்பிரிவு போடப்போகிறார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை, அதாவது வரத்துக்கால், அந்த நிலத்துக்குள்தான் வருகிறது. கேட்டால், 'எல்லாம் பட்டா நிலம், ஓடை என்று எதுவும் இல்லை' என்கிறார்கள். அதே ஓடை என்னுடைய 2 ஏக்கரையும் தொட்டுக்கொண்டு போகிறது; அதையும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கண்மாயையும் விட்டுவிட முடியாது, விலையையும் விட மனமில்லை. சட்டப்படி நாங்கள் செய்யக்கூடியது என்ன?"

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதன் கடைசி இரண்டு வரிகள். கண்மாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, நான்கு வழிச்சாலையை ஒட்டிய மானாவாரிக் காடுகளையெல்லாம் விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். விற்பவரைக் குறை சொல்வதற்கில்லை. நிலம் கைமாறலாம், பயன்பாடும் மாறலாம். ஓடை மாறக் கூடாது என்பதுதான் நீங்கள் எடுக்கவேண்டிய நிலை. இந்த எல்லைக்குள் நின்று பேசினால் அலுவலகங்களில் காது கொடுத்துக் கேட்பார்கள். 'மனைப்பிரிவே வரக் கூடாது' என்று தொடங்கினால் மனுவுக்கு ஒரு வரியில் பதில் வரும்.

முதலில், 'ஓடை என்று எதுவும் இல்லை' என்ற பேச்சைப் பதிவேடுகளை வைத்துச் சோதிக்கவேண்டும். பட்டாவையும் சிட்டாவையும் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அவை யார் பெயரில் எவ்வளவு பரப்பு என்பதைச் சொல்லுமே தவிர, அந்த நிலத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லா. கிராம வரைபடம், அந்தந்தப் புல எண்ணின் புல வரைபடம், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓடைக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ கொடுத்து 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அது அரசு நிலம். அதை மனையாகக் காட்டி அங்கீகாரம் வாங்கவும் முடியாது, பதிவு செய்யவும் முடியாது.

இப்போதைய பதிவேட்டில் இல்லையென்றால் சோர்ந்துவிடவேண்டாம். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணிக்கு, அதாவது ஊரில் எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதற்கு, முந்தைய 'அ' பதிவேட்டையும் வரைபடத்தையும் கேளுங்கள். அந்தப் பணியின்போது சிறு ஓடைகளும் வண்டிப்பாதைகளும் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்துபோன இடங்கள் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ நகல் கேட்டு, இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுங்கள். 30 நாளில் பதில் தந்தாகவேண்டும். பழைய பதிவேட்டில் ஓடை இருந்து புதியதில் மறைந்திருந்தால், அதுவே உங்கள் மனுவின் முதல் பத்தி.

இனிக் கடினமான நிலைமைக்கு வருவோம். பழைய பதிவேட்டிலும் ஓடை தனியாக இல்லை, பட்டா நிலத்துக்குள்தான் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களில் இது அபூர்வமல்ல. தாத்தா காலத்திலிருந்து இவன் காட்டு வழியாக அவன் கண்மாய்க்குத் தண்ணீர் போவதை யாரும் தடுத்ததில்லை; தடுக்காததால் எழுதியும் வைக்கவில்லை. இதற்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் உதவும். ஓர் உரிமையை வெளிப்படையாகவும் சண்டையில்லாமலும் இடையறாமலும் 20 ஆண்டுகள் துய்த்துவந்தால் அது நிலைபெற்ற உரிமையாகும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. ஆனால் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, 17-ஆம் பிரிவு. கரையும் தடமும் இல்லாமல் நிலத்தின் மேல் பரவலாக வழிந்துவரும் மழைநீருக்கு இப்படிப்பட்ட உரிமை கிடைக்காது. ஆகவே உங்கள் ஓடைக்குத் தெரியக்கூடிய தடம் உண்டு, கரை உண்டு, இன்ன இடத்தில் நுழைந்து இன்ன இடத்தில் கண்மாய்க்குள் விழுகிறது என்பதை நிலைநாட்டவேண்டும். அவர்கள் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து நிலத்தைச் சமப்படுத்துவதற்கு முன்பே, தேதி தெரியும்படி ஒளிப்படங்கள் எடுத்து, அகலமும் ஆழமும் அளந்து, கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்கள் கையொப்பத்தோடு ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். மழை பெய்து தண்ணீர் ஓடும்போது எடுத்த படம் ஒன்று இருந்தால், நூறு கையொப்பத்தைவிட அது வலுவானது. இரண்டாவது சிக்கல் காலம். அந்த 20 ஆண்டுகள், வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்கவேண்டும். ஓடையை அடைத்து இரண்டு ஆண்டு கடந்தபின் 'தொன்றுதொட்டு ஓடியது' என்று சொல்லி இந்தப் பிரிவின்கீழ் நிற்க முடியாது. 'பார்க்கலாம், பேசிக்கொள்ளலாம்' என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு சித்திரையைக் கடத்துவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து, யாரிடம் போவது. கண்மாய் யாருடையது என்று தெரியாமல் மனு எழுதினால் அது மேசை மேசையாக உலாப் போகும். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழகம் இயற்றிய சட்டம் பொதுப்பணித் துறையின் (இன்றைய நீர்வளத் துறை அப்போது அதில் ஒரு பிரிவு) கட்டுப்பாட்டில் இருந்த நீர்நிலைகளுக்கென்றே எழுதப்பட்டது. ஒன்றியக் கண்மாயாக இருந்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் காட்டி வட்டாட்சியரிடம் போகவேண்டும். இரண்டையும் கலந்து எழுதிய மனுக்கள் பல திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மனைப்பிரிவு அங்கீகாரம். ஊரின் குரல் எடுபடுகிற கட்டம் இதுதான் என்பது என் அனுபவம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஊர் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) உட்பட்ட திட்டப் பகுதியில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்தில் புல எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே இருந்து, நிலம் வேளாண் மண்டலமாகக் காட்டப்பட்டிருந்தால், வீட்டுமனையாக மாற்றுவதற்குத் தனியாக நிலப்பயன்பாட்டு மாற்றம் பெறவேண்டும். அப்போது ஆட்சேபணை தெரிவிக்க வாய்ப்புக் கிடைக்கும். வெளியே இருந்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் அதன்கீழ் 2017-இல் வந்த விதிகளும் பொருந்தும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. உங்கள் விஷயத்தில் நிலம் புஞ்சை என்பதால் அந்தக் கூடுதல் காவல் கிடையாது. புஞ்சையை மாற்றினால் பாசனத்துக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் புஞ்சைதான் உங்கள் நஞ்சைக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பு என்பதை விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிப்பது உங்கள் வேலை.

என்ன எழுதுவது? உணர்ச்சியைவிட ஒரு கணக்கு உதவும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு அந்த 12 ஏக்கரில் மட்டும் விழுவது 24 லட்சம் லிட்டர். மேற்கேயிருந்து ஓடையில் வந்துசேர்வது இதில் அடங்காது. பெரும்பாலான மனைப்பிரிவுகளில் ஓடையை மூடிச் சாலை போட்டு, அடியில் இரண்டடி விட்டமுள்ள ஒரு சிமென்ட் குழாயைப் பதித்துவிட்டு, 'தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறோம்' என்பார்கள். 12 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள ஓடையின் குறுக்குப் பரப்பு 36 சதுர அடி; அந்தக் குழாயினுடையது சுமார் 3 சதுர அடி. பன்னிரண்டில் ஒரு பங்கு! மேலூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு மனைப்பிரிவில் முதல் பெருமழையிலேயே குழாயைச் செடிகொடி அடைத்து, கண்மாய் வறண்டு கிடக்க மனைகளுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் பட்ட பாட்டை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டியவை தெளிவாக இருக்கட்டும்: ஓடையை அதன் தற்போதைய அகலத்திலேயே திறந்த கால்வாயாக வரைபடத்தில் காட்டவேண்டும், சாலை கடக்கும் இடத்தில் ஓடையின் முழு அகலத்துக்கும் பெட்டிப் பாலம் வேண்டும், நீர்வளத் துறை இடத்தைப் பார்வையிட்டு வெள்ளப் பாதிப்புக் குறித்துத் தடையின்மைச் சான்று தரும்வரை அங்கீகாரம் கூடாது. இவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகக் கட்டாயம் கொடுக்கவேண்டும். 12 ஏக்கருக்கு அது ஏறத்தாழ ஓர் ஏக்கர். இதை எங்கோ ஒரு கோணல் மூலையில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அந்த நிலத்தை ஓடையின் இரு கரையிலும் நீளவாக்கில் ஒதுக்கும்படி கேளுங்கள். மனை போடுகிறவருக்கு ஒரு சதுர அடிகூட நட்டமில்லை. ஓடைக்கோ இரண்டு பக்கமும் காப்பு கிடைக்கிறது. சாலைகளும் இந்த நிலமும் தான பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு வந்துசேர்பவை என்பதால், ஓடை எப்படி அமைய வேண்டும் என்று கேட்க ஊராட்சிக்கு முழு நியாயம் உண்டு.

இந்தக் கோரிக்கைகளைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். தலைவர் இருந்தாலும், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டத்தில் பேசும் உரிமை உங்களுடையது. புல எண், ஓடையின் நீள அகலம், கண்மாயின் பெயர் மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள். தீர்மானம் மட்டும் அங்கீகாரத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அரிட்டாபட்டி வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவ்வளவு பெரிய ஆபத்துக்கு ஊர் தானாகத் திரளும். 12 அடி ஓடைக்குத் திரளாது. அதனால்தான் இங்கே தாளும் தேதியும் கூடுதல் வேலை செய்யவேண்டியிருக்கிறது. தீர்மான நகலை நகர் ஊரமைப்பு அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர் மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்கும் போங்கள். அங்கே எல்லாத் துறையும் ஒரே கூடத்தில் இருப்பதால், 'அது எங்கள் துறை இல்லை' என்ற பதிலைச் சொல்வது கடினம்.

அங்கீகாரமே இல்லாமல் மனை விற்கத் தொடங்கினால் வழி எளிது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அப்படிப்பட்ட பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்ததும் உங்களுக்குத் துணை. சார்பதிவாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதும் குற்றம்; நோட்டீசில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக உங்கள் 2 ஏக்கர். விற்கலாம். ஆனால் விலை பேசுவதற்கு முன், ஓடை போகும் பட்டையை நில அளவையர் மூலம் அளந்து உட்பிரிவு செய்து, அதை மட்டும் ஊராட்சிக்குத் தான பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் நிலத்தின் ஓரத்தில் 200 அடி நீளத்துக்கு 12 அடி என்றால் ஐந்தரை சென்ட். 200 சென்ட் வைத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பில்லை. பிறகு எழுதும் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் 'ஊராட்சி ஓடைக்குக் கிழக்கு' என்றோ மேற்கு என்றோ வந்துவிடும். நாளைக்கு அதை இல்லையென்று சொல்ல வாங்கியவராலும் முடியாது. பவர், அதாவது உங்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு முன்பணம் வாங்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; பவர் கையைவிட்டுப் போனபின் உட்பிரிவை யார் எப்படிக் கேட்பார் என்பது உங்கள் கையில் இராது. உங்கள் பட்டையை நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலை, மேலே சொன்ன மனுவோடு முதல் இணைப்பாக வையுங்கள். மற்றவர் நிலத்தில் ஓடையைக் கேட்கும் மனுவில், தன் நிலத்து ஓடையை ஏற்கெனவே கொடுத்தவரின் கையொப்பம் முதலில் இருக்கட்டும்.