வாசகர் கேள்வி பதில்: மீடியம் ஃபார்மட் லென்ஸுக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: லென்ஸின் முன்னால் மாட்டும் 77 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டர் வாங்கப் போனால், மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் விலை பல மடங்கு வேறுபடுகிறது. இரண்டும் தட்டையான கண்ணாடிதானே?

பதில்: விலையின் பெரும்பகுதி அந்தத் தட்டையில்தான் இருக்கிறது. கண்ணாடியின் இரு முகங்களையும் உண்மையாகவே தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் தேய்த்து மெருகேற்றுவது செலவு பிடிக்கும் வேலை. அதில் குறை இருந்தால் அகலக்கோண லென்ஸில் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். அதே ஃபில்டரை, தொலைவை நெருக்கிக் காட்டும் 250 மி.மீ. குவியத் தூர லென்ஸில் மாட்டினால் படத்தின் கூர்மை மழுங்கிவிடும். 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட் நெகட்டிவ் தரும் நுணுக்கத்துக்காகக் கனத்த கேமராவையும் முக்காலியையும் சுமப்பவர், அந்த நுணுக்கத்தை லென்ஸின் வாசலிலேயே இழப்பதில் பொருளில்லை.

அடுத்தது கோட்டிங், அதாவது எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரு முகங்களுக்குமாக 8 சதவீதம். நல்ல மல்டி கோட்டிங் (பல அடுக்குப் பூச்சு) அதை ஒரு முகத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். ஒளி குறைவதுகூடப் பெரிதில்லை. திரும்பிய ஒளி லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையே எதிரொளித்து நிழற்பகுதிகளை வெளுக்க வைப்பதும், இரவுக் காட்சியில் விளக்குகளின் போலிப் பிம்பங்களை வேண்டாத இடத்தில் பதிப்பதும்தான் தொல்லை.

இரண்டையும் கடையிலேயே ஓரளவு சோதித்துவிடலாம். ஃபில்டரைச் சாய்த்து, அதில் ட்யூப்லைட்டின் எதிரொளிப்பைப் பாருங்கள். அது வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சில்லை; மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் மல்டி கோட்டிங் செய்யப்பட்டது. பிறகு கையை நீட்டிப் பிடித்து, ஃபில்டர் வழியே ஜன்னல் சட்டம் போன்ற ஒரு நேர்க்கோட்டைப் பார்த்தபடி அதை மெல்லச் சுழற்றுங்கள். வளையத்துக்கு வெளியே தெரியும் கோட்டிலிருந்து உள்ளே தெரியும் கோடு விலகி அசைந்தால், முகங்கள் இணையாக இல்லை. இந்தச் சோதனை மிக மோசமானவற்றை மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வளையத்தையும் கவனியுங்கள். அலுமினிய வளையம் அலுமினிய மரையில் இறுகிச் சிக்கிக்கொள்வதுண்டு. பித்தளையில் அந்தச் சிக்கல் குறைவு. பி பிளஸ் டபிள்யூ, ஹீலியோபான் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்கள் பித்தளை வளையங்களுக்குப் பெயர்பெற்றவை.

கேள்வி: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூ.வி. ஃபில்டரை லென்ஸில் நிரந்தரமாக மாட்டி வைக்கலாமா?

பதில்: தூசியும் உப்புக்காற்றும் நீர்த்திவலையும் உள்ள இடத்தில் மாட்டுங்கள், மற்ற நேரங்களில் லென்ஸ் ஹுட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) போதும், கழற்றிவிடலாம் என்பதே என் கருத்து.

கேள்வி: என் ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவின் 50, 80, 150 மி.மீ. சி.எஃப். வரிசை லென்ஸ்கள் மூன்றும் பே 60 என்ற, மரையில்லாமல் செருகித் திருப்பி மாட்டும் பேயனட் பொருத்து முறையைக் கொண்டவை. அந்த அளவு ஃபில்டர்கள் எளிதில் கிடைப்பதில்லை. அடாப்டர் போட்டு 67 மி.மீ. மரை ஃபில்டர்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அடாப்டர் மாட்டிவிட்டால் லென்ஸின் சொந்த ஹுட் பொருந்தாது; திருகி மாட்டும் வேறு ஹுட்டோ, வெயிலை மறைக்க ஓர் அட்டையோ தேவைப்படும். 80, 150 இரண்டிலும் வேறு சிக்கல் வர வாய்ப்பில்லை. 50 மி.மீ. லென்ஸில்தான் படத்தின் மூலைகள் கறுக்கக்கூடும், அதிலும் இரண்டு ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் நிச்சயம் எச்சரிக்கை தேவை.

ஃபிலிமை வீணாக்காமல் இதைக் கண்டறியலாம். மேகஸினைக் (ஃபிலிம் இருக்கும் பின்பெட்டியைக்) கழற்றிவிட்டு, ஷட்டரை, பொத்தானை அழுத்தும்வரை திறந்திருக்கும் 'பி' நிலையிலும், ஒளி புகும் துளையான அபெர்ச்சரை எஃப்/22 என்ற சிறிய அளவிலும் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபிலிம் இருக்கவேண்டிய சதுரச் சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் லென்ஸைப் பாருங்கள். அபெர்ச்சரின் சிறு துளை முழுமையாகத் தெரிந்தால் கவலையில்லை. ஃபில்டர் வளையம் அதில் ஒரு பகுதியை வெட்டினால், 77 மி.மீ. அடாப்டருக்கு மாறுவதே நல்லது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலிலேயே 77 மி.மீ. அளவில் ஃபில்டர்களை வாங்கிவிட்டு, சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப் அப் ரிங் (சிறிய மரையில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) வாங்குவது சிக்கனம். மமியா ஆர்பி67, ஆர்இசட்67 கேமராக்களின் பெரும்பாலான லென்ஸ்கள் 77 மி.மீ. அளவையே ஏற்கின்றன.

கேள்வி: ரோலைஃப்ளெக்ஸில் பார்ப்பது ஒரு லென்ஸ், படம் எடுப்பது இன்னொரு லென்ஸ். எதிரொளிப்பை அடக்க, சுழற்றிச் சரிசெய்யும் ஃபில்டரான போலரைசரை எப்படி அமைப்பது?

பதில்: பெரும்பாலான ரோலைஃப்ளெக்ஸ்களில் இரண்டு லென்ஸ்களிலும் ஒரே அளவு பேயனட் பொருத்துதான் இருக்கிறது. போலரைசரை மேல் லென்ஸில் மாட்டி, வானமோ நீர்ப்பரப்போ நீங்கள் விரும்பும்படி தெரியும்வரை சுழற்றுங்கள். சுழலும் வளையத்தின் விளிம்பிலுள்ள எண்களில் எது நேர்மேலே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கீழ் லென்ஸுக்கு மாற்றி, அதே எண்ணை மேலே நிறுத்துங்கள். எக்ஸ்போஷரை (ஃபிலிமில் விழும் ஒளியை) ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட மறக்கவேண்டாம்; ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது. படம் எடுக்கும் லென்ஸின் பின்னே ஒளி அளக்கும் மீட்டருக்கான அரைக்கண்ணாடியோ ஆட்டோஃபோகஸோ இல்லாததால், போலரைசரின் இரு வகைகளில் எளிய லீனியர் வகையே போதும். சர்க்குலர் வகைக்குக் கூடுதல் பணம் தரவேண்டியதில்லை. பழைய போலரைசர் வாங்குகிறீர்கள் என்றால் விளிம்பை விளக்கொளியில் பாருங்கள், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள படலம் ஓரத்தில் பிரிந்து வெள்ளி நிறத் திட்டுகளாகத் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு முதலில் எந்த நிற ஃபில்டர் வாங்கலாம்?

பதில்: மஞ்சளா சிவப்பா என்று பலர் தயங்குகிறார்கள், நான் ஆரஞ்சைச் சொல்வேன். மஞ்சள் வானத்தைச் சற்றே அடக்கும், சிவப்பு அதைக் கறுப்பாக்கிப் பசுமையையும் இருளில் தள்ளும்; ஆரஞ்சு மேகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு மரங்களில் ஓரளவு விவரத்தை விட்டுவைக்கும். பொதுவாக மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று கூட்டவேண்டும். கேமராவின் உள்மீட்டர் நிற ஃபில்டர் வழியே அளக்கும்போது ஏமாறக்கூடும் என்பதால், ஃபில்டர் இல்லாமல் அளந்துவிட்டு இந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.